கானா கேசட்டை டொரண்ட்ல ஏத்தினா 0 சதவீதத்துலயே நிக்குது, நெட் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

#1 ராயபுரம்_ரீல்

வணக்கம் மக்களே. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எங்க மாமா கல்மண்டபத்துகிட்ட ஆடியோ கடை வெச்சிருந்தவர். மேடைக் கானா, கூழ் ஊத்துற திருவிழாக் கச்சேரி, கல்யாணம், சாவு வீடுன்னு எங்க கூப்பிட்டாலும் டேப்பைத் தூக்கிக்கினு போய் அவரே மைக் வெச்சுப் பதிவு பண்ணுவார். கடை மூடினப்புறம் கேசட் எல்லாம் கொடுங்கையூர் வீட்டு அலமாரில கெடந்துது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து வீட்டுக்குள்ள தண்ணி பூந்தப்போ கீழ்த்தட்டுல இருந்ததெல்லாம் சேத்தோட போச்சு. அந்தக் குரலுங்க வேற எங்கயும் கெடையாது.

மேல்தட்டுல தப்பிச்சதை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிச்சிட்டோம். ஒரு கேசட் ஓடி முடிஞ்சதும் பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைச்சா பழுப்பா ஒட்டிக்கினு வரும். டேப்ல இருந்து உதிர்ற ஆக்சைடு அது. ஒவ்வொரு வாட்டி ஓட்டும்போதும் பாட்டு கொஞ்சம் தேயுதுன்னு அர்த்தம், அதனால திரும்பத் திரும்ப ஓட்டவும் வழியில்ல. 60 நிமிஷக் கேசட் வேவ் ஃபைலா 600 எம்பி வருது, தரம் குறையாம சுருக்குற ஃப்ளாக் வகைல போட்டா ஏறக்குறைய பாதி. உறை போட்டோ, கொஞ்சம் வீடியோ எல்லாம் சேத்து மொத்தம் 38 ஜிபி.

இப்போ இது ஒரே ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. இன்னொரு வெள்ளம் வந்தா? அதான் நாலு ஊர்ல நாலு பேர்கிட்ட இருக்கட்டும்னு பாக்குறேன். கூகுள் டிரைவ் இலவசத்துல 15 ஜிபிதான். வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல போகாது. அதான் டொரண்ட், நடுவுல சர்வர் இல்லாம ஆளுக்கு ஆள் நேரா ஃபைல் பகிர்ற முறை. க்யூபிட்டொரண்ட்ங்கிற மென்பொருள்ல டொரண்ட் உருவாக்கி சிங்கப்பூர்ல இருக்கிற மச்சானுக்கு அதை இறக்குறதுக்கான மேக்னெட் லிங்க் அனுப்பினேன். என் பக்கம் 'சீடிங்'னு, அதாவது அனுப்பத் தயார்னு காட்டுது, அப்லோட் பூஜ்யம். அவன் பக்கம் 'மெட்டாடேட்டா எடுக்கிறது'ன்னு சுத்திக்கினே இருக்கு. நெட், எங்க தெரு கேபிள்காரர் குடுத்த ஃபைபர். இன்னா பண்ணலாம்?

#2 பேசின்பிரிட்ஜ்_பிட்

முதல்ல ஒண்ணு பாருங்க அண்ணே. ரவுட்டர் பக்கத்துக்குள்ள போய் 'வேன்' (WAN, வெளி நெட் பக்கத்து) ஐபி முகவரி என்னன்னு பாருங்க. அப்புறம் பிரௌசர்ல 'என் ஐபி என்ன'ன்னு தேடினா வர்ற எண்ணையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா? முழு எண்ணை இங்க போட வேணாம், முதல் ரெண்டு பகுதி போதும்.

#3 ராயபுரம்_ரீல்

ஒண்ணு இல்ல. ரவுட்டர்ல 100.72ன்னு ஆரம்பிக்குது. வெளிய காட்டுறது வேற எண்.

#4 பேசின்பிரிட்ஜ்_பிட்

அதான் நோய். இதுக்குப் பேரு சிஜிநாட். பழைய ஐபி முகவரி உலகம் முழுக்கச் சேத்தே சுமார் 430 கோடிதான், அது எப்பவோ பத்தாம போச்சு. அதனால கம்பெனிங்க நூத்துக்கணக்கான வீட்டுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக் குடுக்குது. உள்ளுக்குள்ள ஓட்டிக்கிறதுக்குன்னே 100.64ல இருந்து 100.127 வரைக்கும் 2012ல தனியா ஒதுக்கி வெச்சாங்க. உங்க 100.72 அதுக்குள்ளதான் வருது.

நம்ம பக்கத்து ஒண்டுக்குடித்தன வீட்டை நினைச்சுக்குங்க. தெருவுக்கு ஒரே வாசல், ஒரே கதவு எண், உள்ள பத்து குடித்தனம். உள்ள இருக்கிறவர் வெளிய போய் யாரையும் பாக்கலாம், தடையில்ல. வெளியாள் கதவு எண்ணை மட்டும் வெச்சுக்கினு வந்தா எந்தப் போர்ஷன்னு தெரியாம வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிடுவார். யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் நாமளா வெளிய போய்ப் பாக்குற விவகாரம், அதனால அதுல எதுவும் தெரியாது. டொரண்ட்ல அடுத்தவன் நம்ம வீட்டுக்கே வந்து கேக்கணும், அங்கதான் மாட்டுது.

மேக்னெட் ஏன் சுத்திக்கினே இருக்குன்னா, அந்த லிங்க்ல ஃபைல் பேரோ பட்டியலோ முழுசா கிடையாது. இருக்கிறது ஒரு ஹாஷ் எண், தொகுப்போட கைரேகை மாதிரி. அதை வெச்சு டிஹெச்டிங்கிற, டொரண்ட் மெஷினுங்க தங்களுக்குள்ள விசாரிச்சுக்கிற வலையில 'இது யாருகிட்ட இருக்கு'ன்னு கேட்டு, அந்த ஆள்கிட்ட போய் ஃபைல் பட்டியலை வாங்கணும். இருக்கிற ஒரே ஆள் நீங்க, உங்ககிட்ட யாராலயும் வந்து சேர முடியல. டொரண்ட் ஃபைலையே மெயில்ல அனுப்பினா பட்டியல் வந்துடும், பாட்டு வராது.

வழி என்னன்னா: ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வாசல் திறந்திருந்தா போதும். மச்சான் வீட்டு நெட்ல பொது முகவரி இருந்தா அவர் ரவுட்டர்ல டொரண்ட்டுக்கான போர்ட்டை (வெளியாள் உள்ள வர்ற வாசல் எண்) திறந்து விடட்டும், உங்க மெஷின் வெளிய போய் அவரைப் பிடிச்சுக்கும். ரெண்டு பேருக்கும் சிஜிநாட்னா உங்க கேபிள்காரர்கிட்ட மாச வாடகைக்கு பொது ஐபி கேளுங்க, நிறைய பேர் குடுப்பாங்க. புது முகவரி முறையான ஐபிவி6 ரெண்டு பக்கமும் இருந்தாலும் இந்தப் பிரச்னை இல்ல, அதுல முகவரிக்குப் பஞ்சமே கிடையாது, ரவுட்டர் ஃபயர்வால்ல மட்டும் அந்த போர்ட்டை அனுமதிச்சா போதும்.

இன்னொண்ணு. டொரண்ட் உருவாக்கும்போது டிராக்கர், அதாவது யார் யார்கிட்ட ஃபைல் இருக்குன்னு சொல்ற சர்வர், அதோட முகவரி ஒண்ணு ரெண்டு சேருங்க. டிஹெச்டியை மட்டும் நம்பினா, ரெண்டே ரெண்டு பேர் இருக்கிற டொரண்ட்ல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

#5 சிங்கை_காசிமேடு

அந்த மச்சான் நான்தான். இங்க ஃபைபர்ல பொது ஐபி இருக்கு, பார்த்துட்டேன். க்யூபிட்டொரண்ட்ல 'கனெக்‌ஷன்' பக்கத்துல இருக்கிற போர்ட் எண்ணை ரவுட்டர்ல திறந்து விட்டேன், விண்டோஸ் ஃபயர்வாலும் ஒரு தடவை அனுமதி கேட்டுது. டிராக்கர் சேத்துப் புதுசா வந்த லிங்க்கைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே ஃபைல் பட்டியல் வந்துடுச்சு. இப்போ ஓடுது. மாமா கையெழுத்துல 'காசிமேடு அம்மன் திருவிழா பி சைடு'ன்னு இருக்கிற உறையைப் பார்த்ததும் நெஞ்சு அடைச்சுக்கிச்சு. அந்தக் கச்சேரிக்கு நான் சின்னப் பையனா முன்வரிசையில தரையில உக்காந்திருந்தேன்.

#6 பேசின்பிரிட்ஜ்_பிட்

ரொம்ப சந்தோஷம். ரீல் அண்ணே, அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ்னா 38 ஜிபி போக நாலேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல மெஷின் தூங்கப் போகாம பவர் செட்டிங்கை மாத்தி வெச்சுடுங்க. கரண்ட் போனாலும் பயமில்ல, விட்ட இடத்துல இருந்து தொடரும்.

ஒரே நேரத்துல நாலஞ்சு பேர் சேரப்போறாங்கன்னா 'சூப்பர் சீடிங்'கை டிக் பண்ணுங்க. அப்போ ஒரே துண்டை எல்லாருக்கும் திரும்பத் திரும்பக் குடுக்காம ஆளுக்கு வேற வேற துண்டா குடுக்கும், அவங்க தங்களுக்குள்ள மாத்திப்பாங்க. நீங்க அஞ்சு மடங்கு அனுப்ப வேண்டியதில்ல, ஒரு மடங்குக்குக் கொஞ்சம் மேல அனுப்பினா எல்லாருக்கும் முழுசா போய்ச் சேரும்.

#7 திருவொற்றியூர்_தேரடி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். என் வயதுக்காரர்கள் சிலரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழைய கதை.

பர்மா பஜாரில் விசிடி வாங்கிய தலைமுறை நாங்கள். ஒரு தட்டில் 74 நிமிடம், படம் 352க்கு 288 புள்ளி, ஒரு சினிமாவுக்கு இரண்டு மூன்று தட்டு. அதற்கு முன் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு. மூன்றாம் பிரதி, நான்காம் பிரதி என்று போகப் போகக் குரல் மங்கி இரைச்சல்தான் மிஞ்சும். ராயபுரத்துக்காரர் மாமா கையில் இருந்தது முதல் பதிவு. அது எவ்வளவு பெரிய சொத்து என்று கேசட் பிரதி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

1999ல் நாப்ஸ்டர் வந்தது. பாட்டு அவரவர் கணினியில் இருக்கும், யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் கம்பெனியின் சர்வரில். அந்த ஒரு பட்டியலை வைத்துத்தான் நீதிமன்றத்தால் 2001ல் அதை நிறுத்த முடிந்தது. 2000ல் வந்த நுடெல்லாவில் நடுவில் பட்டியலே இல்லை. 2001ல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரண்ட்தான் பெரிய ஃபைலுக்கான கணக்கை மாற்றியது. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-1 என்னும் கைரேகையை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுகிறார்கள். வந்து சேரும் துண்டு அந்தக் கைரேகையோடு ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஆளிடம் கேட்கும். அதனால் நூறாவது ஆளின் பிரதியும் முதல் ஆளின் பிரதியும் ஒரு பிட் மாறாமல் ஒன்றாக இருக்கும். கேசட் கையில் தேய்ந்ததைப் பார்த்தவனுக்கு இது லேசான விஷயம் இல்லை.

பகிர்கிறவர்களிடம் அரிதாக இருக்கும் துண்டை முதலில் எடுப்பது பிட்டொரண்ட்டின் வழக்கம். யார் தனக்குக் கொடுக்கிறாரோ அவருக்கே அதிகம் கொடுக்கும். ஆனாலும் 30 விநாடிக்கு ஒருமுறை புது ஆள் ஒருவருக்குச் சும்மாவே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். வெறுங்கையோடு வருபவனும் உள்ளே நுழைய முடிவது அதனால்தான். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

#8 வியாசை_விங்கர்

அண்ணாங்களா, நானும் இதுல சேரலாமா? எங்க கிரவுண்டுல நடந்த டோர்னமெண்ட் மேட்ச் எல்லாம் வீடியோவா இருக்கு. வியாசர்பாடில எத்தினி பசங்க ஃபுட்பால் ஆடி மேல வந்துருக்காங்க, அவங்க சின்ன வயசு மேட்ச் எல்லாம் நாலஞ்சு போன்ல செதறிக் கெடக்கு. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா பந்து எங்க இருக்குன்னே தெரியல, அப்படி நசுக்கிடுது.

அப்புறம் ஒரு சந்தேகம். ஏரியால எல்லாரும் டொரண்ட்னா புதுப் படம் இறக்குறதுக்குன்னுதான் நினைக்கிறாங்க. நான் டவுன்லோட்தான் பண்றேன், அப்லோட் பண்ணலன்னு சொல்றாங்க. அது சரியா?

#9 தண்டையார்பேட்டை_தமிழ்

தம்பி வியாசை, அது சரியில்லை. தொழில்முறையில் இந்தச் சட்டத்தைக் கையாளுகிறவன் என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

டொரண்ட்டில் முதல் துண்டு வந்து இறங்கிய நொடியிலிருந்து அந்தத் துண்டை மற்றவர்களுக்கு உங்கள் கணினி கொடுக்கத் தொடங்கிவிடும். இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே செயல். எனவே உரிமை உள்ள படத்தை இறக்குகிறவர் அதை விநியோகமும் செய்கிறார். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63ன்படி தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் காரணம் பதிந்து குறைக்கலாம், ஆனால் குற்றம் குற்றம்தான். தியேட்டரில் கேமரா வைத்துப் பிடிப்பதற்கு 2023ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தித் தனிப் பிரிவே கொண்டுவந்தார்கள்: குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் அபராதம், அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இன்னொன்று, அதே டொரண்ட்டைப் பகிரும் எல்லாருக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். மறைவாக நடக்கிற காரியம் இல்லை இது.

அதே நேரத்தில் டொரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் குற்றம் என்று முடிவுகட்டுவதும் தவறு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை அந்த அமைப்புகளே டொரண்ட்டில் தருகின்றன. 2012ல் ஒரு பட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தடையாணையை வைத்து இணைய நிறுவனங்கள் சில தளங்களை மொத்தமாகவே மூடிவிட்டன. அந்த ஜூன் மாதமே நீதிமன்றம், தடை குறிப்பிட்ட இணைப்புகளுக்குத்தான், முழுத் தளத்துக்கு அல்ல என்று தெளிவுபடுத்தியது. கருவிக்கும் திருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மூர் நீதிமன்றமே அப்போது வகுத்துவிட்டது.

ராயபுரம் நண்பருக்கு: பெட்டியில் கம்பெனி கேசட் ஏதும் கலந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. எண்பதுகள், தொண்ணூறுகளின் கேசட் எதுவும் இன்னும் விடுபடவில்லை. மாமா பிடித்த பதிவில் அவருக்கு உரிமை உண்டு, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக 50 ஆண்டு உண்டு. பாடியவரோ வாரிசோ எழுத்தில் சம்மதம் தந்தால் நல்லது. சினிமா மெட்டில் வார்த்தை மாற்றிப் பாடியவை இருந்தால் அந்த மெட்டுக்கு உரியவர் வேறு. அவற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

#10 கொருக்குப்பேட்டை_கோகி

எங்க அப்பாவும் கானா பாடினவர்தான். ரீல் அண்ணனோட மாமா கடையில பாட்டு பிடிச்சது எனக்கு நல்லா நினைவிருக்கு, அந்த மாமா எங்களுக்கு டீ வாங்கித் தருவார்.

சட்டம் எல்லாம் சொல்லிட்டீங்க. நான் வேற ஒண்ணு கேக்கணும். சாவு வீட்டுக் கானாவும் இதுல இருக்குன்னு முதல் பதிவுல போட்டிருக்கீங்க. அதுல பாட்டு மட்டும் இருக்காது. செத்தவர் பேர், அவர் பொண்டாட்டி பேர், புள்ளைங்க பேர், எப்படிச் செத்தார், யாருக்கு யாரோட மனஸ்தாபம், எல்லாத்தையும் வெச்சுத்தான் அந்த ராத்திரி கட்டிப் பாடுவாங்க. நடுவுல அழுகைச் சத்தமும் ஏறியிருக்கும். அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல உக்காந்திருந்தவங்களுக்காகப் பாடினது அது. உலகத்துல யார் வேணா இறக்கிக் கேக்கலாம்னு விட்டா அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? எங்கண்ணன் போனப்போ அப்பா பாடின பாட்டு ஒண்ணு இருக்கு. அது அந்தப் பெட்டியில இருந்தா எனக்கு வேணும், உயிரைக் குடுத்தாவது கேக்கணும். ஆனா அது ஊருக்குப் போகக் கூடாது.

பாடினவங்க சம்மதம் மட்டும் பத்தாது. அந்த வீட்டுச் சம்மதமும் வேணும்.

#11 ராயபுரம்_ரீல்

கோகிம்மா, நீ சொன்னது நூத்துக்கு நூறு. அண்ணன் பாட்டு இருக்கு. உறையில மாமா தேதியோட எழுதி வெச்சிருக்கார். நான் நேர்ல வந்து பென்டிரைவ்ல தரேன்மா, நெட்ல வேணாம்.

மாமாகிட்ட பேசினேன். மூணா பிரிக்கப் போறோம். மேடை, திருவிழா ரெக்கார்டுல பாடினவங்களைத் தேடிப் போய் கையெழுத்து வாங்கினது எல்லாம் ஊருக்கு. கல்யாணம், சாவு எல்லாம் அந்தந்த வீட்டுக்கு, கேட்டா மட்டும். கம்பெனி கேசட்டும் சினிமா மெட்டும் பெட்டியிலயே இருக்கட்டும். மச்சான், அந்த வீட்டுப் பதிவு ஃபோல்டரை உன் பக்கம் டிக் எடுத்து விடு, இறங்கினதை அழிச்சிடு.

#12 சிங்கை_காசிமேடு

அழிச்சாச்சு.

#13 பேசின்பிரிட்ஜ்_பிட்

இதுல தொழில்நுட்பமா ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டொரண்ட் உருவாக்கும்போது 'பிரைவேட்'னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா டிஹெச்டில பரவாது, நீங்க சொன்ன டிராக்கர் வழியா மட்டும் ஆள் சேரும். ஆனா அது பூட்டு கிடையாது. டொரண்ட் ஃபைல் யார் கைக்குப் போனாலும் அவரும் இறக்கலாம். ஒரு தடவை நாலு பேர்கிட்ட போனதைத் திரும்ப வாங்கவும் முடியாது, நீங்க நிறுத்தினாலும் மத்தவங்ககிட்ட ஓடிக்கினே இருக்கும். எந்த வீட்டுக்காக மட்டும் பாடினாங்களோ அதுக்கு டொரண்ட்டே வேணாம். ரெண்டு மெஷினுக்கு நடுவுல மட்டும் ஃபைலை ஒத்திசைக்க சின்க்திங்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நீங்க அனுமதிச்ச மெஷினைத் தவிர வேற யாரும் உள்ள வர முடியாது. அதை வெச்சுக்குங்க.

ஃபோல்டர்ல ஒரே ஒரு ஃபைலை எடுத்தாலும் ஹாஷ் மாறிடும், அதனால பிரிச்சப்புறம் புது டொரண்ட்தான். துண்டு அளவு 4 எம்பி வெச்சா போதும். 38 ஜிபிக்கே 9,700 துண்டுதான் வரும், பிரிச்சது இன்னும் குறையும்.

#14 சிங்கை_காசிமேடு

ஒரு விசித்திரம். மேடைக் கானா ஃபோல்டர் முழுசா 100 ஆகி சீடிங் ஓடிக்கினு இருந்துது. இன்னைக்கு 'ரீசெக்' பண்ணினா 99.1 காட்டுது, மறுபடி கொஞ்சம் இறக்குது. நான் எந்த ஃபைலையும் அழிக்கல. கேட்டுக்கினுதான் இருந்தேன்.

#15 மிண்ட்_சர்வீஸ்

எந்த பிளேயர்ல கேட்டீங்க? சில பிளேயர் கேக்கும்போதே பாட்டு ஃபைலுக்குள்ள ஆல்பம் படம், ஸ்டார் ரேட்டிங், பாடகர் பேர் எல்லாம் தானா எழுதும். காதுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா அந்தத் துண்டோட கைரேகை மாறிடுச்சு. டொரண்ட் கணக்குல அது கெட்டுப்போன துண்டு, அதான் திரும்ப இறக்குது. செட்டிங்ல 'டேக் எழுது'ங்கிறதை நிறுத்துங்க. இல்லன்னா கேக்குறதுக்குத் தனிப் பிரதி எடுத்துட்டு, சீடிங் ஃபோல்டரை 'படிக்க மட்டும்'னு மாத்தி வைங்க. பேர் மாத்தணும்னாலும் க்யூபிட்டொரண்ட் உள்ளயே மாத்துங்க, வெளிய மாத்தினா ஃபைலைக் காணோம்னு சொல்லும்.

#16 சிங்கை_காசிமேடு

அதேதான். எல்லாப் பாட்டுக்கும் ஏதோ ஒரு வெள்ளைக்கார பேண்டோட படத்தை ஒட்டி வெச்சிருக்கு! நிறுத்திட்டேன், மறுபடி 100 ஆயிடுச்சு.

#17 வியாசை_விங்கர்

மிண்ட் அண்ணா, எனக்கும் ஒரு உதவி. மேட்ச் வீடியோ ஒண்ணு 6 ஜிபி. டீக்கடை டிவில போட்டுக் காட்டலாம்னு 32 ஜிபி பென்டிரைவ்ல காப்பி பண்ணா ஃபைல் பெருசுன்னு சொல்லுது, டிரைவ் காலியாதான் இருக்கு. இன்னொரு வீடியோ படம் வருது, சத்தம் வரல. லேப்டாப்ல விஎல்சில ரெண்டுமே சூப்பரா ஓடுது.

#18 மிண்ட்_சர்வீஸ்

கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் இந்த ரெண்டு கேள்வியோடதான் வர்றாங்க தம்பி.

பென்டிரைவ் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல இருக்கு. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, டிரைவ் எவ்வளவு பெருசா இருந்தாலும். எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணு, உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், முதல்ல எடுத்து வெச்சுக்க. டிவி ரொம்பப் பழசா இருந்து எக்ஸ்ஃபேட் படிக்கலன்னா என்டிஎஃப்எஸ் முயற்சி பண்ணு. அதுவும் இல்லன்னா வீடியோவை முதல் பாதி, ரெண்டாம் பாதின்னு வெட்டிடு. மேட்சுக்கு அது பொருத்தமாவே இருக்கும்.

சத்தம் வராததுக்குக் காரணம் வேற. எம்பி4, எம்கேவிங்கிறது வெறும் டப்பா. உள்ள படம் ஒரு வகையில, சத்தம் ஒரு வகையில சுருட்டி வெச்சிருக்கும். விஎல்சி எல்லா வகையையும் தானே பிரிச்சுக்கும். அது 1996ல பாரிஸ்ல ஒரு கல்லூரிப் பசங்க ஆரம்பிச்ச வேலை, பிரிக்கத் தேவையான மென்பொருள் (கோடெக்) எல்லாம் உள்ளயே இருக்கு. டிவிக்காரன் ஒவ்வொரு வகைக்கும் காசு கட்டி உரிமம் வாங்கணும். டிடிஎஸ்ங்கிற வகைச் சத்தத்தை நிறைய டிவி விட்டுடுச்சு. ஆக படத்தைத் தொடாம சத்தத்தை மட்டும் ஏஏசி வகைக்கு மாத்து. எஃப்எஃப்எம்பெக்ங்கிற மென்பொருள்ல படத்தை அப்படியே காப்பி, சத்தத்தை ஏஏசின்னு சொன்னா கொஞ்ச நிமிஷத்துல முடிஞ்சிடும், படத்தோட தரம் குறையாது. ஹேண்ட்பிரேக்ங்கிற மென்பொருள்ல போட்டா படத்தையும் புதுசா சுருட்ட ஆரம்பிக்கும், மணிக்கணக்கா ஆகும். படமும் வரலன்னா அது ஹெச்.265ஆ இருக்கும், 2013க்கு முந்தின டிவிக்கு அது தெரியவே தெரியாது. அதை ஹெச்.264ஆ மாத்தித்தான் ஆகணும்.

மேட்சை டொரண்ட்ல போடும்போது எம்பி4 டப்பாவோட அட்டவணை ஃபைல் கடைசில உக்காந்திருக்கான்னு பாரு. அப்படி இருந்தா முழுசா இறங்கற வரைக்கும் பாதிப் பேருக்கு ஓடாது. எஃப்எஃப்எம்பெக்லயே அதை முன்னாடி நகர்த்தலாம்.

#19 வியாசை_விங்கர்

சூப்பர்ணா, சத்தம் வந்துடுச்சு. 'வரிசையா இறக்கு'ன்னு ஒரு டிக் இருக்கே, அதைப் போட்டா இறங்கும்போதே பாக்கலாம்ல?

#20 பேசின்பிரிட்ஜ்_பிட்

பாக்கலாம். கூடவே 'முதல், கடைசித் துண்டை முன்னாடி எடு'ங்கிறதையும் போடணும். ஆனா நம்ம மாதிரி அஞ்சாறு பேர் இருக்கிற டொரண்ட்ல எல்லாரும் அதைப் போடாதீங்க. தேரடி ஐயா சொன்ன மாதிரி அரிதான துண்டை முதல்ல எடுக்கிறதாலதான் ஒருத்தர் போனாலும் மிச்சப் பேர்கிட்ட முழு ஃபைல் தேறும். எல்லாரும் முதல்ல இருந்து வரிசையா எடுத்தா எல்லார்கிட்டயும் முதல் பாதி இருக்கும், ரெண்டாம் பாதி ரீல் அண்ணன் மெஷின்ல மட்டும் இருக்கும். அவர் வீட்ல கரண்ட் போனா அத்தனை பேரும் நின்னுடுவாங்க. ஏற்கெனவே நாலஞ்சு பேர் முழுசா வெச்சிருந்தா, அப்புறம் வர்றவங்க தாராளமா வரிசையா பாக்கட்டும்.

#21 திருவொற்றியூர்_தேரடி

இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். தெரியாத இடத்தில் பாட்டு என்று தேடி இறக்கும்போது, பாட்டின் பெயருக்குப் பின்னால் 'எம்பி3' என்றும் அதற்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' என்றும் முடிகிற ஃபைல்கள் உண்டு. விண்டோஸ் கடைசி ஒட்டை மறைத்துவிடுவதால் பாட்டு போலவே தெரியும். திறந்தால் மென்பொருள் ஓடும். 'பார்க்க இந்த கோடெக்கை நிறுவுக' என்று சொல்லும் வீடியோவும், கடவுச்சொல் கேட்கும் ரார் (RAR) சுருக்க ஃபைலும் அதே இனம்தான். ஃபைல் ஒட்டுகளைக் காட்டும்படி முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். ராயபுரத்துக்காரர் இங்கே தரும் லிங்க்கைத் தவிர வேறு எங்கிருந்தும் இந்தத் தொகுப்பை எடுக்காதீர்கள்.

இன்னொரு யோசனை. சம்மதம் கிடைத்த மேடைக் கானாவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றுங்கள். ஏற்றிய தொகுப்புக்கு அவர்களே டொரண்ட் தயாரித்துவிடுகிறார்கள், அவர்களுடைய சர்வரும் சீடிங் செய்யும் ஓர் ஆளாக நிற்கும். நம் வீட்டு மெஷின் எல்லாம் அணைந்திருந்தாலும் இறங்கும். ஆனால் அது போதும் என்று நாம் கலைந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் அந்தத் தளத்தின் மீது தாக்குதல் நடந்து பல நாள் முடங்கிக் கிடந்தது. அவர்களும் வைத்திருக்கட்டும், நாமும் வைத்திருப்போம்.

#22 கொருக்குப்பேட்டை_கோகி

ரீல் அண்ணன் நேத்து வந்து குடுத்துட்டுப் போனார். அம்மாவும் நானும் கேட்டோம்.

அப்பாவோட மேடைப் பாட்டு எல்லாத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். எங்க வீட்ல பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல இந்தத் தொகுப்பை வெச்சு ஓட விடலாமா? பகல்ல டெய்லரிங் மெஷின் ஓடும், ராத்திரி நெட் காலியாதான் இருக்கும். எங்களுக்கும் அதே கேபிள் நெட்தான், 100ல ஆரம்பிக்கிற எண்தான் வருது.

#23 பேசின்பிரிட்ஜ்_பிட்

தாராளமா விடலாம் அக்கா. உங்களுக்கு வாசல் மூடியிருந்தாலும் சிங்கப்பூர் அண்ணனுக்குத் திறந்திருக்கு, உங்க மெஷின் தானா போய் அவரைப் பிடிச்சுக்கும். லேப்டாப் மூடினாலும் தூங்காத மாதிரி செட்டிங் மாத்தணும், ஞாயித்துக்கிழமை வந்து செஞ்சு தரேன். அப்லோட் வேகத்துக்கு ஒரு வரம்பு வெச்சுட்டா உங்க போன்ல நெட் திணறாது. பேட்டரி உப்பியிருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துக்குங்க. உப்பியிருந்தா போட வேணாம், கழட்டிட்டு சார்ஜர்ல ஓட்டலாம்.

#24 ராயபுரம்_ரீல்

புது டொரண்ட் ரெடி. சம்மதம் வந்த மேடை, திருவிழாக் கானா மட்டும், 17 ஜிபி. டிராக்கர் சேத்தாச்சு. ஆர்க்கைவ்லயும் ஏறிக்கினு இருக்கு. மேக்னெட் லிங்க்கைத் தனிச்செய்தில அனுப்புறேன், கேக்குறவங்க இங்க கை தூக்குங்க. பழைய 38 ஜிபி லிங்க்கை வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு நீக்கிடுங்க, ஃபைலோட சேத்து.

நான் ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஓட்டுறேன். கோகிம்மா வீட்டு மெஷின் ராத்திரில. மச்சான் 24 மணி நேரமும். பகல் நேரத்துக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும், தென்சென்னைலயோ வெளியூர்லயோ இருந்தா இன்னும் நல்லது, ஒரே மழைல எல்லாரும் மாட்டக் கூடாது. பாடினவங்க பேர் தெரியாத பதிவு 14 இருக்கு, அதோட துணுக்கு மட்டும் நாளைக்கு இங்க போடுறேன். குரலைக் கேட்டு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, வீடு தேடிப் போய்க் கேட்டுட்டு வரோம்.

#25 வியாசை_விங்கர்

பகல் ஷிஃப்ட் எனக்கு. லிங்க் அனுப்புங்கண்ணா.